சிரித்தவர்களில் நானும் ஒருத்தி

என் கணவர் மலேசியாவில், கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். பல் டாக்டர் என்றால் மட்டும் அவருக்கு நடுக்கம். போன வருடம் கடைவாய்ப் பல் வலியில் துடித்தவரைக் கட்டாயப்படுத்தி கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இவ்ளோ பெரிய ஆளு, பல்லு புடுங்கவா பயம்? சின்ன புள்ளகூட அழாது லா" என்றார் ஒரு அங்கிள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதன்பின் வலியைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை. ஒரே வாரத்தில் கழுத்துவரை வீங்கி, மூச்சுவிடத் திணறினார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சீழ் எடுத்த மறுநாள், டாக்டரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பயம்ணே உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஸ்கூல்ல படிக்கிறப்ப மூணு பேரு அமுக்கிப் புடிச்சி, ஊசி போட்டு மரத்துப் போறதுக்கு முன்னயே புடுங்கிட்டாங்க டாக்டர். நான் கத்த கத்த சிரிச்சாங்க."

பதினெட்டு வருடமாக அவரோடு வாழ்கிறேன். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று மாலை பார்க்க வந்த என் அண்ணன், "பல்லுக்குப் போயி வார்ட்ல படுத்திருக்கீங்களே மாப்பிள்ள" என்று சிரித்தார்.

"சிரிக்கிறதா இருந்தா வீட்டுக்குப் போங்கண்ணே" என்றேன்.

பாம்புக்குப் பயந்தால் யாரும் கேலி செய்வதில்லை. இந்தப் பயம் மட்டும் எப்படி எல்லாருக்கும் வேடிக்கையானது? அந்த வேடிக்கையில் ஓர் உயிர் போயிருக்கும். அண்ணன் மேல் வந்த கோபம் அன்றே தணிந்துவிட்டது. என் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் தணியவில்லை.