டச்சுக்காரன் மழை

விழுப்புரத்துக் கண் ஆஸ்பத்திரிச் சுவரில், செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட ஒரு டச்சுப் படம்: கூரை வீடு, வைக்கோல் போர், சாய்கோடுகளாய் மழை. ஐம்பத்திரண்டு வயதில் அதை மறுபடி பார்த்தேன்.

திண்டிவனம் பக்கம் எங்கள் வீட்டிலும் இதே படம் இருந்தது. கண்ணாடிச் சட்டம் நன்றாயிருக்கிறதென்று பாண்டிச்சேரியில் வாங்கியது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக் காயப்போட்ட நாட்களில் அப்பா அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிடுவார். “அந்த மழை நம்ம கொல்லையப் பாத்துடக் கூடாது” என்பார்.

ஒன்பது வயதுப் பகுத்தறிவாளனான நான், ஆராய்ச்சிக்காக ஒரு மதியம் படத்தை நேராக்கி வைத்தேன். மாலையே மழை பிடித்தது. மூன்று நாளில் காயெல்லாம் முளைவிட்டுப் புளித்து நாறியது. யார் திருப்பியது என்ற கேள்விக்காக நான் சோறு இறங்காமல் காத்திருந்தேன். அப்பா கேட்கவே இல்லை.

இன்று சோதனைக்காக என்னுடன் காத்திருந்த அப்பா, அந்தப் படத்தையே உற்றுப் பார்த்தார்.

“அந்த வருசம் நான்தான்டா திருப்பி மாட்ட மறந்துட்டேன். உங்கம்மாகிட்டகூட சொல்லல.”

படத்துக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை என்று நான் மணிக்கணக்கில் விளக்குவேன். விளக்கினால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும். வாயைத் திறந்தேன்.

“பழசு அதெல்லாம், வுடுப்பா” என்றுதான் வந்தது.