பத்திரிகையில் வந்த முனைவர் பட்டம்

மதுமதியின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போதே அவள் அப்பா சுவாமிநாதன் ஒரு காரியம் செய்துவிட்டார். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மனிதர். பெருமை வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. மகள் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று தங்க எழுத்தில் போட்டுவிட்டார். ஆய்வேட்டை இன்னும் கொடுக்கவே இல்லையே என்று அவள் கத்தியபோது பாதிப் பத்திரிகை சொந்தக்காரர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"எப்படியும் வாங்கத்தான போற சாமி" என்றார்.

அதோடு அவள் மாட்டிக்கொண்டாள். சங்ககிரியில் புகுந்த வீட்டுக்கு அவள் படித்து முடித்தவள். லேப்டாப்பைத் திறந்தால் மாமியார் சென்னியம்மாள், "முடிச்ச படிப்புல இன்னும் என்ன கண்ணு பாக்கி?" என்பார். நல்ல மனுஷி, அதுதான் கொடுமை. பொல்லாதவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மூன்று மாதம் மதுமதி வாயைத் திறக்கவில்லை.

புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். அந்த ஒரு மாதத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள். ஆடி முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் அவள் பதிவே ரத்தாகிவிடும்.

அவள் ஆய்வு ஜோடி நியூட்ரான் நட்சத்திரங்களைப் பற்றியது. சூரியனைவிடக் கனமானது ஒவ்வொன்றும். ஆனால் சேலம் டவுனும் அதன் சுற்றுவட்டமும் போதும், உள்ளே அடங்கிவிடும். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி, ஈர்ப்பலைகளில் ஆற்றலை இழந்து, நெருங்கிக் கடைசியில் மோதும். பொதுச் சார்பியல் சமன்பாடுகளைக் கொண்டு, பல்கலைக்கழகத்துப் பெரிய கணினியில் அந்த ஜோடியை ஓடவிட்டிருந்தாள்.

ஆடி பதினேழாம் நாள் முடிவு வந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்டும், சீராக இறங்க வேண்டிய கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தது. தப்பு அவளுடையதுதான். தொடக்கத்தில் இரண்டையும் கச்சிதமான வட்டத்தில் விட்டிருந்தாள். நெருங்கிக்கொண்டே இருப்பவை எப்படி வட்டத்தில் ஓடும்? உள்நோக்கி விழும் அந்தச் சின்ன வேகத்தை முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும். திருத்தி மறுபடி ஓடவிட்டாள். முடியப் பத்து நாள், எழுத மூன்று நாள். கையில் இருந்தது பதினாலு.

மறுநாள் ஆடிப்பெருக்கு. புருஷன் கோகுல்ராஜும் மாமியாரும் காரில் வந்து இறங்கினார்கள். தாலிக்கயிறு மாற்றி, விருந்து முடிந்ததும் சென்னியம்மாள், "கெளம்பு கண்ணு, ஊட்டுக்குப் போலாம்" என்றார். அவர்கள் பக்கம் பதினெட்டோடு அழைத்துப்போவதுதான் வழக்கமாம். இதை முன்னாலேயே கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மதுமதி மறைத்ததைச் சொல்லிவிட்டாள். "அத்தை, நான் இன்னும் முனைவர் ஆகலீங்க. பத்திரிகையில போட்டது பொய்யிங்க."

சுவாமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். கோகுல்ராஜ் சிரித்தான். "நீ இன்னும் முடிக்கலைங்கறது எங்களுக்கு நிச்சயத்தப்பவே தெரியும். உங்க யுனிவர்சிட்டில படிக்கிற என்ற சிநேகிதன் சொல்லிட்டான்."

சென்னியம்மாள் அவள் கன்னத்தைத் தடவினார். "இதுக்கா கண்ணு பயந்துட்டிருந்த? பத்திரிகையில போட்டாச்சு, அதான் நானும் முடிச்ச படிப்புன்னே சொல்லிட்டிருந்தேன். இனி வாங்குனா என்ன, வாங்காட்டி என்ன? யாரு வந்து கேக்கப்போறாங்க?"

அந்த அன்பில் அவளுக்கு மூச்சு முட்டியது. அவர்களுக்கு அந்தப் பொய்யே போதுமானதாக இருந்தது.

"நான் கேப்பனுங்க அத்தை" என்றாள்.

மதுமதியின் அம்மா அவள் பெட்டியைக் கொண்டுபோய்க் காரில் வைத்தாள். மதுமதி பின்சீட்டில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சங்ககிரி போய்ச் சேரும்வரை அவளோடு யாரும் பேசவும் இல்லை.