பாதி அர்த்துக்கு முழுச் சான்றிதழ்

எங்கள் வேலையை நீங்கள் பார்க்கவே இல்லை. நேரில் வந்து பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். தரச்சான்றிதழ் கொடுத்த ஆடிட்டர் சாருக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்களுக்கு விவரம் தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்கும் ஒன்றும் தெரியாது, நீங்களும் படியுங்கள்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்களுக்கு ஒரு எலக்ட்ரிக்கல் கடை. ஒற்றை ஷட்டர். வாசலில் யாராவது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டால் நாங்களே பக்கவாட்டில் நுழைய வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்துக்காரர்கள். வீடு, கடை, மண்டபம் என்று வயரிங் வேலை எடுத்துச் செய்கிறோம். டிப்ளமோ படித்தது நான், சூப்பர்வைசர் பெர்மிட்டும் என் பெயரில். கம்பி இழுப்பது அவர். முடிந்த வேலையை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது நான். முடியாததைப் போட மாட்டேன். இது பெரிய கொள்கை எல்லாம் இல்லை, ஷாக் அடித்தால் ஆள் செத்துப்போவார்.

ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டில் ஒரு பழைய கல்யாண மண்டபத்துக்குப் புது வயரிங் செய்துகொண்டிருந்தோம். பக்கத்திலேயே லாட்ஜும் கட்டப்போவதாக மண்டபக்காரர் சொன்னார். அந்த வேலையும் எங்களுக்குத்தானாம், ஆனால் தரச்சான்றிதழ் வேண்டுமாம். அரசாங்க லைசென்ஸைக் காட்டினேன். ரேஷன் கார்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். லைசென்ஸ் எல்லோரிடமும் இருக்கிறது மேடம், சர்ட்டிபிகேட் உள்ளவர்கள்தான் இப்போது கான்ட்ராக்டர் என்றார். லாட்ஜ் வேலை கிடைத்தால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. சரி, சர்ட்டிபிகேட்டைத் தேடிப் போனேன்.

தேடினால் ஏகப்பட்ட திட்டங்கள். எல்லாவற்றின் வெப்சைட்டிலும் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு போர்டையாவது அவர் திறந்து பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. கழித்துக் கழித்து இரண்டில் வந்து நின்றேன். ஒன்றில் ஆள் வருவார், போர்டைத் திறப்பார், மீட்டர் வைத்து அளப்பார், தப்பு இருந்தால் திருப்பி அனுப்புவார். ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். இன்னொன்று உங்களுடையது. நேரில் பார்வையிட்டே சான்று தரப்படும் என்று நீங்களும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதோடு சீக்கிரம் தருவோம் என்றும் போட்டிருந்தீர்கள். பார்வையிடப்போவது மண்டபத்து வயரிங்கைத்தான்; அங்கே அடுத்த முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, காத்திருக்க முடியாது என்று மண்டபக்காரர் கழுத்தைப் பிடித்தார். ஆள் வருவார் என்ற நம்பிக்கையில் உங்களிடம் வந்தோம்.

பார்வையிடும் நாளும் வந்தது. வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மண்டபத்து வாசலில் நின்றார். காரில் வருவீர்களா பைக்கில் வருவீர்களா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் போனில் வந்தீர்கள்.

இந்த ஊர்க் கன்னடத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எர்த் என்பதை வேலைக்காரர்கள் அர்த் என்பார்கள். பாதிக்குக் கன்னடத்தில் அர்த. புரிந்ததா என்று கேட்பதற்கும் அர்த்த ஆய்த்தா. வாய்க்குள் வெற்றிலை இருந்தால் மூன்றும் ஒன்றுதான். போனில் வெற்றிலைகூட வேண்டாம், டவர் கிடைக்காவிட்டால் போதும்.

நீங்கள் கேட்டது, அர்த் ஆய்த்தா?

அவர் சொன்னது, ஹூ சார், அர்த ஆய்த்து.

எர்த் முடிந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். பாதி முடிந்தது என்று அவர் உண்மையைச் சொன்னார். எர்த் முடிந்தது என்று உங்கள் காதில் விழுந்தது. மண்டபத்துக்கு இரண்டு எர்த் குழி. ஹால் பக்கத்துக் குழி தயார். சமையலறைப் பக்கம் தோண்டினால் பாறை, வேலை அப்படியே நின்றது. ஹால் குழியிலிருந்து சமையலறைக்கு எர்த்துக்கான இரும்புப் பட்டை இழுக்கலாம் என்றால் முற்றத்தில் பதித்த புதுக் கல்லைப் பெயர்க்க வேண்டும். அந்தக் கல்லைத் தொடாதே என்று மண்டபக்காரர் சொல்லிவிட்டார். அதனால் சமையலறை போர்டிலிருந்து இறங்கிய எர்த் கம்பி சுவரோரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதுதான் நிலவரம்.

சான்றிதழ் வந்தது. தங்க பார்டர், முத்திரை, பளபளப்பு. எர்த்திங் முழுமை, நேரில் பரிசோதிக்கப்பட்டது, திருப்திகரம். படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தாளுகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"பாதிதான் ஆச்சுன்னேன். வெரி குட்னு சொல்லி வெச்சுட்டாரு."

"பாதிக்கு எவனாச்சு வெரி குட் சொல்லுவானா? கேக்க வேண்டாமா?"

"பெரிய எடத்து மனுசன், பாதிக்கே இத்தன சந்தோசப்படறாரே, தங்கமான ஆளுன்னு நெனச்சேன் புள்ள."

சிரிப்பு வந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பு மண்டபத்துக்குப் போகும்வரைதான். உங்கள் காகிதத்தின் இன்னொரு பிரதி எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மண்டபக்காரர் அதைக் கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, பூவும் வைத்துவிட்டார். முகூர்த்தத்துக்குச் சமையல்காரர்கள் வரப்போகிறார்கள், சமையலறைக்குக் கரண்ட் கொடுங்கள் என்றார். எர்த் இல்லை, கொடுக்க முடியாது என்றேன். அவர் சுவரைக் காட்டினார். அது தப்பு, பாதி வேலைதான் ஆகியிருக்கிறது என்றேன். அப்போது அவர் கேட்டதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"நேரில் பார்த்தவரே முடிஞ்சதுங்கறார். இங்கயே நிக்கற உனக்கு என்னம்மா தெரியும்?"

தொங்கும் கம்பியைக் கையில் பிடித்துக் காட்டினேன். கம்பியைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், கடைசியில் சான்றிதழைத்தான் நம்பினார். கம்பிக்குத் தங்க பார்டர் இல்லை.

கல்யாணச் சமையலறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்கிறேன். தரையெல்லாம் தண்ணீர். வெறுங்காலோடு பெண்கள் உட்கார்ந்து அரிசி களைவார்கள். பெரிய கிரைண்டர், இரும்பு உடம்பு. உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து அந்த இரும்பைத் தொட்டால், அதன் மேல் கை வைக்கும் பெண்ணுக்கு எர்த் கம்பிதான் காவல். அந்தக் காவல் சுவரோரம் தொங்கியது. உங்கள் காவல் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பேசிப் பயனில்லை. மெயினை அணைத்தேன். சமையலறை போர்டுக்குப் போகும் கேபிளை இருவருமாகக் கழற்றி, முனைகளுக்கு டேப் சுற்றிவிட்டு வெளியே வந்தோம். மண்டபக்காரர் எங்கள் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்தார். என் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை. அன்றைக்கு மட்டும், கல்லப் பேத்தா மறுபடி பதிச்சுக்கலாமுங்க, ஆளப் பதிக்க முடியாதுங்க என்றார். அந்தக் கல்யாணத்துக்கு மாவும் மசாலாவும் வெளியில் அரைத்துக் கொண்டுவந்ததாகக் கேள்விப்பட்டேன். அதோடு எங்கள் வேலையும் முடிந்தது. லாட்ஜும் போனது. மண்டபத்து மீதி வேலை வேறொரு கான்ட்ராக்டருக்குப் போனது. அவரிடமும் உங்கள் சான்றிதழ்தான். வாழ்த்துக்கள்.

உங்களுக்கு எழுதினேன். எங்கள் சான்றிதழில் தப்பு இருக்கிறது, ரத்து செய்யுங்கள் என்று. வாங்கிய சான்றிதழைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்ன முதல் பைத்தியம் நானாகத்தான் இருப்பேன். உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது, எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். சான்றிதழ் பெற்ற மகிழ்ச்சியை நண்பர்களுடன் பகிருங்கள் என்று வந்தது. போன் செய்தால் நீங்கள் எப்போதும் பார்வையிடப் போயிருக்கிறீர்கள். எங்கே, யாருடைய போனில் என்று உங்கள் ஆபீஸில் சொல்வதில்லை.

அந்தக் காகிதம் இன்னும் மண்டபத்துச் சுவரில்தான் இருக்கிறது. அதில் எங்கள் கடைப் பெயர், உங்கள் கையெழுத்து. அந்தப் பாறையை யாராவது உடைத்தார்களா, கல்லையாவது பெயர்த்தார்களா, எனக்குத் தெரியாது. என்னை உள்ளே விடுவதில்லை. முகூர்த்த நாட்களில் அந்த ரோட்டில் பஸ்ஸில் போனால், மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டியிருப்பது தெரியும். உள்ளே கிரைண்டர் ஓடுகிறது என்று அர்த்தம். அந்தப் பெண்கள் யாரும் உங்கள் சான்றிதழைப் படித்துவிட்டு வேலைக்கு வருவதில்லை.

ஆகவே சார், எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம், போனில் சத்தியமாக வேண்டாம். நேரில் பரிசோதித்த இடங்கள் என்று உங்கள் வெப்சைட்டில் ஒரு பக்கம் இருக்கிறதே, அதில் அந்த மண்டபமும் இருக்கிறதே, அதன் கீழேயே ஊர் பார்க்க எழுதுங்கள். அந்த மண்டபத்தின் சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது?