போயா நாளில் மௌனமாகும் வியாழன்

முன்னறையில் வானொலிப் பெட்டி, கொதிக்கும் எண்ணெயில் கடுகு விழுந்ததுபோலச் சடசடத்தது. குசினியில் ஸவாஹிரா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கேளுங்க சேர், வியாழன் கிரகம் பேசுது!"

கணவர் அலவி மாஸ்டரின் பெருமிதம் சுவரைத் தாண்டி வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் கொழும்பிலிருந்து வந்த கலாநிதி பலீல். எந்த ஆய்வைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்று ஆலோசனை சொல்லும் குழுவில் ஒருவர். மாஸ்டரின் அறிக்கையைப் படித்த இருவரில் ஒருவர் 'தொடரட்டும்' என்றும், மற்றவர் 'சந்தேகம்' என்றும் எழுதிவிட்டார்கள். நேரில் பார்த்துச் சொல்ல மூன்றாமவராக இவர் பதுளைக்கு ரயிலேறி வந்திருந்தார்.

அது 1969 ஜனவரி. பண்டாரவளைப் புடவைக் கடைக்காரரின் மகளான ஸவாஹிரா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஸ்பிரிங்வெளிப் பாதையில், தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே இருந்த வீட்டுக்கு வாழ வந்தாள். இரண்டு வருஷமாகத் தினமும் விடியற்காலையில் அந்தப் பெட்டியின் முன் அமர்ந்து, சத்தம் வந்ததையும் வராததையும் எழுதினாள். பிள்ளையில்லாத அவளை மதினி ஸல்மா சீண்டுவாள்: "தொட்டிலுக்குப் பக்கத்துல இருக்க வேண்டியவ, பெட்டிக்குப் பக்கத்துல இருக்கியே!"

ஸவாஹிரா சிரித்துவிட்டு எழுதுவாள்.

அந்தப் பதிவிலிருந்துதான் மாஸ்டர் தன் முடிவுக்கு வந்திருந்தார். வாரத்துக்கு ஒருநாள், நிலவின் கணக்குப்படியே, வியாழனின் சத்தம் அடங்குகிறது, சந்திரன்தான் காரணம்!

ஆனால் அந்த வருஷங்களில் நாட்டில் ஞாயிறு விடுமுறையே இல்லை. அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் இரண்டு அரைநிலா என்று, நிலவைப் பார்த்து வந்த போயாதான் வாராந்த விடுமுறை. போயாவன்று மேலே தொழிற்சாலையும் மூடிக்கிடக்கும்.

மூன்று வாரமாக இந்த உண்மை அவள் நெஞ்சில் நெருப்பாக எரிந்தது. சொன்னால் கணவரின் ஐந்து வருஷக் கனவு அவள் கையாலேயே சாகும். சொல்லாவிட்டால் ஒரு பொய் அவர் பெயரைச் சுமந்துகொண்டு உலகத்துக்குப் போகும். யா அல்லாஹ், எதைத் தாங்குவாள் அவள்!

தேநீரை வைத்துவிட்டுத் திரும்பியவளைப் பலீல் நிறுத்தினார்.

"இதெல்லாம் நீங்க எழுதினதாமே. நீங்க என்ன நினைக்கிறீங்க, தங்கச்சி?"

அவளிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கண்கள் நிறைந்துவிட்டன. பதிவேட்டின் டிசம்பர்ப் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"இந்த ரெண்டு நாளும் போயா இல்ல சேர். பெக்டரி இஞ்சின் உடைஞ்சு கிடந்த நாள். அன்னைக்கும் சத்தம் இல்ல."

"ஸவாஹிரா! என்ன பேசுற?"

"மன்னிச்சிடுங்க. நம்ம கேட்டது வியாழன் இல்ல. மேல ஓடுற இஞ்சின்."

மாஸ்டர் நாற்காலியில் சரிந்தார். பலீல் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, கடகடவென்று சிரித்தார்.

"சந்தேகம்னு எழுதின மனுஷனுக்கும் இது தெரியல்ல! கொழும்புல நாங்க சந்திரனைப் பத்தி ஒரு மாசம் சண்டை போட்டோம். போயா லீவுல வீட்டுல படுத்துக்கிட்டே சண்டை போட்டோம், தங்கச்சி!"

பிறகு மாஸ்டரின் தோளைத் தொட்டார். "முடிவு குழுவோடது. நான் எழுதப்போறது இதுதான்: சொந்தப் பிழையைத் தானே கண்டுபிடிக்கிற இடத்தை மூடக்கூடாது. இன்னும் ஒரு வருஷம் தொடரட்டும். ஏரியல் கம்பியை மட்டும் இஞ்சினோட மின் இரைச்சல் எட்டாத அப்புத்தளை மலைமேல கட்டுங்க."

மாஸ்டர் மெல்ல நிமிர்ந்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"பதிவாளர்னு இவ பேரையும் எழுதுங்க சேர். எனக்கு முன்னால எழுதுங்க."

அன்றிலிருந்து தொழுகைக்குப் பின் ஸவாஹிரா கேட்கும் துஆவில் பலீலின் பெயர் ஒருநாளும் தவறியதில்லை. உதவி தந்ததற்காக அல்ல, அவளைக் கேட்டதற்காக.

தூறலில் குடையை விரித்துக்கொண்டு பலீல் படியிறங்கினார். வளைவில் அவர் மறையும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். மாஸ்டர் மனைவியை முன்னால் உள்ளே போகவிட்டு, பின்னால் வந்து கதவைச் சாத்தினார்.