பரங்கிப்பேட்டை வரை பாய்மரக் கப்பலில், வீட்டுக்குச் சொல்லாமல்

இந்த வலைப்பூவைப் படிக்கும் பதினாறு பேருக்கும் முதலில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களில் யாராவது வடக்கனந்தல் பக்கத்து ஆளாக இருந்து, எழுதுவது யார் என்று புரிந்துவிட்டால், கெஞ்சிக் கேட்கிறேன், புரியாத மாதிரி இருந்துவிடுங்கள். அம்மாவின் போனைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இன்னும் தூங்கவில்லை, இருமல் கேட்கிறது.

நாளை காலை பத்து மணிக்கு அவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். என் தோழி தீபாவின் அப்பா மேல் புகார் கொடுக்க. அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்காகக் காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். உண்மையை ஒன்பது நாளாக வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கோமுகி அணை, பெரியார் அருவி என்று இங்கே நாலு பயணம் எழுதியிருக்கிறேன். ஐந்தாவதாக எழுதினாலாவது வருகிறதா பார்க்கிறேன்.

போனது பிப்ரவரி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. ஏன் போனேன் என்றால், கவிதா அக்கா கூப்பிட்டாள். என் சித்தி மகள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்து கடலூர் முதுநகரில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் அவள் பெயரை எடுத்தால் அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார். அவள் ஒரு பழைய மரக்கப்பலில் சமையல் வேலை பார்க்கிறாள். இரண்டு பாய்மரம், எழுபது அடி நீளம், எஞ்சின் கிடையாது. சுற்றுலா வருகிறவர்களைக் கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டைக்கு ஏற்றிக்கொண்டு போய், இரவு அங்கே நங்கூரம் போட்டு, மறுநாள் திரும்புவார்கள். ஆளுக்கு 4,800 ரூபாய். அக்காவோடு போனால் எனக்கு இலவசம்.

வீட்டில் சொன்னது வேறு. உயிரியல் பாடத்துக்கு இருபது மலைச் செடி பறித்து ஒட்ட வேண்டும், வெள்ளிமலையில் தீபா வீட்டில் இரண்டு நாள் தங்குகிறேன், ஞாயிறு சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸில் வந்துவிடுவேன் என்றேன். தீபா என்னோடு பிளஸ் ஒன் படிக்கிறாள், விடுதியில் தங்கி. சனி, ஞாயிறுக்கு வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் அப்பா அம்மா அந்த வாரம் மரவள்ளிக் காட்டில் காட்டுப்பன்றி விரட்டும் காவலுக்குப் போய்விடுவார்கள், வீட்டில் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் இந்தத் திட்டம்.

"எனக்குப் பொய் வராதுடி," என்றாள் தீபா. "யாராச்சும் கேட்டா தலைய மட்டும் ஆட்டுவேன். ஆனா கடல் எப்படி இருந்துச்சுன்னு வந்து முழுசா சொல்லணும். நான் பாத்ததே இல்ல."

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி, சுமார் 16 கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 5.50-க்குக் கடலூர் பஸ். உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாக 110 கிலோமீட்டர், 78 ரூபாய். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், வலப்பக்கம் வெயில் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் மாலையில் கிளம்பியதால் எந்தப் பக்கம் வெயில் என்று எனக்கே தெரியாது. 9.10-க்கு இறங்கினேன். அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"இன்னாடி இவ்ளோ ஒசந்துட்ட? வூட்ல இன்னா சொல்லிட்டு வந்த?"

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்க்கா."

முதல் பொய் அப்பாவிடம். இது இரண்டாவது.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கப்பலில் ஏறினோம். கடலூரில் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடு உண்டு. கடல் ஏறியிருக்கும்போது மட்டும்தான் இந்தக் கப்பல் அதைத் தாண்டமுடியும். ஒரு மோட்டார் படகு கயிறு கட்டி வெளியே இழுத்துவிட்டது. பயணம் திட்டமிடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் ஏறும் நேரம் தவறினால் கப்பல் வெளியிலேயே நிற்கும்.

கப்பலை நடத்துகிறவரைத் தண்டல் என்கிறார்கள். தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும். பாய் விரிந்த நிமிஷத்தைச் சொல்லத்தான் வேண்டும். அதுவரை பலகையும் கயிறும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தன. காற்று பாயில் நிறைந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. கப்பல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, யாரோ கையைப் பிடித்து அழைத்துப்போகிற மாதிரி போனது. கரை ஒரு பச்சைக் கோடாகி, இரண்டு மணிநேரத்தில் அதுவும் இல்லை. அக்கா போனில் சிக்னலும் போனது. நான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். (காலையில் இட்லி வேண்டாம். காய்ந்த ரொட்டி போதும்.) பிறகு மாலை வரை முன்பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தீபாவிடம் சொல்ல வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

கடல்வழி சுமார் 30 கிலோமீட்டர். நாலு மணிக்குப் பரங்கிப்பேட்டைக்கு எதிரே நங்கூரம் போட்டார்கள். பாயைச் சுருட்டி மரத்தோடு சேர்த்துக் கட்டும் வேலை நடந்தது. சும்மா இருக்க முடியாமல் நானும் கட்டுகிறேன் என்று போனேன். எங்கள் வயலில் கரும்புக் கட்டுக் கட்டிப் பழகிய கை. இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, முழங்காலால் அமுக்கி, முறுக்கை அடியில் சொருகிவிட வேண்டும். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போய் இறங்குகிறவரை அவிழாது. மூன்று கட்டுப் போட்டேன். யாரும் சரிபார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாயை அவிழ்க்கப் போனார்கள். பனியிலும் உப்பிலும் ஊறி என் மூன்று கட்டும் கல்லாகியிருந்தன. இரண்டைக் கத்தியால் அறுத்தார்கள். மூன்றாவது மடிப்புக்குள் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. நானும் சொல்லவில்லை, திட்டுவார்களோ என்று. பாயை ஏற்றியதும் காற்று பிடித்தது. கட்டு விடவில்லை, துணி விட்டது. என் உயரத்துக்கு இரண்டு பங்கு கிழிசல்.

தண்டல் என்னைக் கூப்பிட்டார். "ஏ பிள்ள, என்ன கெட்டு இது? எங்கன படிச்ச?"

"கரும்புக் கட்டுண்ணா."

"ஆலைக்குப் போற கரும்பு திரும்பி வராது. எனக்கு இந்தப் பாய் தினமும் வேணும்லா? ஒத்தக் கையால இழுத்தா அவிழணும். அதுதான் கப்பல் கெட்டு." அவ்வளவுதான். திட்டவில்லை. ஒரு மாலுமி மட்டும், "ஆலைக்காரம்மா, வாங்க, ஊசி கோத்துக் குடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தைத்து முடிக்க நாலரை மணிநேரம். இரண்டு மணிக்கு வரவேண்டிய கடலூர் முகத்துவாரத்துக்கு ஆறரைக்கு வந்தோம். கடல் வற்றிவிட்டது. விடியற்காலை வெளிச்சம் வந்தபிறகுதான் உள்ளே போகமுடியும் என்றார் தண்டல். ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் கடலூர் விளக்குகள். அக்கா போனில் சிக்னல் முழுசாக இருந்தது.

அக்கா தன் போனை நீட்டினாள். "வூட்டுக்கு ஒரு போன் போடு. உங்கப்பா பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருப்பாரு."

மணி ஏழு இருபது. அப்பாவின் நம்பரில் ஒன்பது இலக்கம் அழுத்தினேன். பத்தாவதை அழுத்தினால் எந்த நம்பரிலிருந்து பேசுகிறாய் என்பார். அக்கா பெயர் வரும். நான் மலையில் இல்லை என்று வரும். அழித்துவிட்டு, "லைன் போகலக்கா" என்று திருப்பிக் கொடுத்தேன். தீபாவுக்காவது பேசியிருக்கலாம். அதுவும் இல்லை. நாளைக்குப் போய் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்துக்கொண்டேன். கப்பல் ஆடியது. நன்றாகத் தூங்கினேன். 

நான் தூங்கிய நேரத்தில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசி பஸ்ஸிலும் நான் வராததால் அப்பா தீபா வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய அவள் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகளைக் கேட்டிருக்கிறார். பொய் வராத தீபா பயத்தில் முதல் தடவையாக ஒரு பொய் சொன்னாள், நான் மத்தியானம் அருவிப் பக்கம் செடி பறிக்கப் போனேன், அப்படியே பஸ் ஏறியிருப்பேன் என்று. அவர் சோறு கூடச் சாப்பிடாமல், அக்கம்பக்கத்தில் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு, டார்ச் எடுத்துக்கொண்டு பெரியார் அருவிக்கு இறங்கிவிட்டார். நான் இல்லாத இடத்தில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறார். பாசிப் பாறையில் வழுக்கி இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஜீப்பில் கீழே கொண்டுவந்தார்கள்.

திங்கள் பதினொன்றரைக்கு நான் வீடு வந்தேன். வழி தப்பிவிட்டேன், ஒரு காட்டுக் கொட்டகையில் இருந்தேன், காலையில் பால் வண்டியில் வந்தேன் என்றேன். அம்மா என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து தீபா பள்ளிக்கு வரவில்லை. அவள் அப்பா எழுந்து நடக்கிறவரை மரவள்ளி பிடுங்க ஆள் இல்லை என்று டீச்சரிடம் சொன்னார்களாம். என்னை அவள் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அப்பாவின் கோபம் நாளுக்கு நாள் ஏறிற்று. இன்று சாப்பிடும்போது, "வயசுப் பொண்ண ஒண்டியா காட்டுல வுட்டுட்டு அந்தாளு இன்னா பண்ணிக்கினு இருந்தான்? நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடறேன்" என்றார். அம்மா, "அவருதாங்க கால ஒடச்சிக்கினாரு, பாவம்" என்றாள். "குத்தம் இருக்கறவன்தான் அப்படி ஓடுவான்" என்றார் அப்பா. நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச்சில் கடல் அமைதியாக இருக்கும். ரப்பர் செருப்பு வழுக்கும், வெறுங்கால் நல்லது. திரும்பும் நாளுக்கு அடுத்த நாளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள், கப்பல் உங்கள் பஸ் நேரத்துக்கு வராது. தெரியாத கயிற்றைக் கட்டாதீர்கள். கட்டிவிட்டால், தப்பாகக் கட்டினது நான்தான் என்று உடனே சொல்லிவிடுங்கள். அவர்கள் சிரித்துவிட்டு அவிழ்த்துவிடுவார்கள். யாராவது போனை நீட்டினால் பத்தாவது இலக்கத்தையும் அழுத்துங்கள்.

தீபாவுக்கு என்று பரங்கிப்பேட்டையில் ஒரு சங்கு எடுத்தேன். உள்ளங்கை அளவு. புத்தகப் பையின் அடியில் இருக்கிறது, மணல் இன்னும் கொட்டுகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு முன்னால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற தகுதி எனக்கு

கதவு தட்டுகிறார்கள்.

"இன்னாம்மா, இன்னும் தூங்கல? உள்ள வெளிச்சம் தெரியுது."

அப்பாதான். போனை அணைத்துவிட்டால் போய்விடுவார். அன்றைக்கும் இப்படித்தான் ஒன்பது இலக்கத்தை அழித்தேன். யாருக்கும் காட்டாதீர்கள் என்று உங்களைக் கேட்டிருந்தேன். திரையை முதல் வரிக்குத் தள்ளிப் போனை அப்பா கையில் கொடுக்கப்போகிறேன், அவர் அங்கிருந்தே படிக்கட்டும். மறுபடி தட்டுகிறார். இதோ வரேன்ப்பா, தாழ்ப்பாள்