சந்தனம் வைத்த வார்

பல்லாவரத்தில் ஒரு பழைய தோல் பட்டறைக் கொட்டகையில் எங்கள் சின்னக் கம்பெனி நடந்தது. சிலந்தி நூலைப் பார்த்து ஆய்வகத்தில் உருவாக்கிய நூலில், பாராகிளைடரில் பறப்பவர்கள் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹார்னஸ் தைத்தோம். டிபன் கேரியர் அளவுக்குக்கூட எடை இருக்காது. அதை உத்தரத்தில் மாட்டி, முதலில் தொங்கிப் பார்ப்பது நான். தொண்ணூற்றாறு கிலோ; எல்லோருக்கும் நான் 'எடைக்கல்லு'. படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை.

அந்த நூல் நனைந்தால் சுருங்கும். மேல்பூச்சு பூசும்வரை ஈரம் படக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவன் நான். ஆயுத பூஜையன்று கத்தரிக்கோல், தையல் மெஷின், தராசு என்று வரிசையாகச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தவனும் நான்தான். கை நிற்கவில்லை. இடது தோள் வாரிலும் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

மறுநாள் அந்த வார் நாலு விரல் குட்டை.

முதலாளி இழுத்துப் பார்த்தார். "பக்கிள்ல அட்ஜஸ்ட் பண்ணிடு. சனிக்கிழமை இதைப் பாக்கப் பெரிய ஆளுங்க வராங்க."

"சார், சுருங்கின இடம் தாங்குமான்னு டெஸ்ட் பண்ணணும்."

"பண்ணி அறுந்துட்டா? வேற வார் ஏது?"

"மேல போய் அறுந்தா?"

"சந்தனம் வெச்சது நானா?"

இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. என் முட்டாள்தனத்தையே எடுத்து என் வாயை அடைத்தார்.

சாயந்திரம், சனிக்கிழமை அவர்கள் முன்னால் அதை மாட்டிப் பறக்கவேண்டியவர் அளவு பார்க்க வந்தார். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர்.

"ஒரு பக்கம் இழுக்குதே. நான் குண்டாயிட்டேனா?"

"புது வார் சார். போகப் போக சரியாயிடும்," என்றார் முதலாளி.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "எடைக்கல்லு, நீங்க தொங்கிட்டீங்கல்ல? அப்புறம் எனக்கென்ன."

பூஜையில் வைத்த அதே கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் தோளில் இருந்தபடியே வாரைப் பிடித்து வெட்டினேன். லேசில் வெட்டுப்படவில்லை, நாலைந்து முறை அழுத்த வேண்டியிருந்தது.

"பைத்தியமாய்யா உனக்கு?" என்றார் முதலாளி.

"தொங்கல சார். ஈரம் பட்டு சுருங்கிடுச்சு. சந்தனம் வெச்சது நான்தான்," என்றேன் மாஸ்டரிடம்.

அவர் அந்த வார்த் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கறை, நடுவில் சிவப்பு.

"சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிடுச்சு. எனக்கு மாலை போடுறது மட்டும்தான் பாக்கியா?"

முதலாளி சிரித்தார். கத்தரிக்கோல் இன்னும் என் கையில்தான் இருந்தது.