வலைக்குப் பக்கத்தில் படித்தவள்

1. என் தங்கை ரோஷினியைப் பற்றி ஆசிரியர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: நல்ல பெண், கவனம்தான் இல்லை.

2. குடை, டிபன் பாக்ஸ், ஒருமுறை காலில் போட்டுப்போன செருப்பு என்று ஒவ்வொன்றாகத் தொலைத்தாள். வீட்டில் திட்டினோம்.

3. பிளஸ் டூ பாதியில் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள்.

4. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஏ.டி.எச்.டி. (கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாத, மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடு) என்றார். துள்ளாத, சத்தம் போடாத பெண்களிடம் இது தெரியாமலே போய்விடும் என்றார்.

5. தனித்தேர்வராக வீட்டிலிருந்தே படித்துத் துணைத்தேர்வு எழுதுவதென்று முடிவானது. அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். மருத்துவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: “டாக்டர், இதுக்கு மாத்திரை எதுனா கீதா?”

“இருக்கும்மா. ஆனா அது பாதிதான். படிக்கும்போது பக்கத்துல ஒருத்தர் அவங்க வேலையைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். சொல்லிக்கொடுக்க வேணாம். கண்காணிக்கவும் வேணாம். சும்மா கூட இருக்கணும்.”

மெத்தில்ஃபெனிடேட் (கவனம் நிலைக்க உதவும் மருந்து) தொடங்கினார்கள். பசி குறைந்தது. அம்மா பொரித்த வஞ்சிரத்தைக்கூட ஒதுக்கினாள். ஆனால் திறந்த புத்தகம் சிறிது நேரமாவது திறந்தே இருந்தது.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓட்டும் நைனா, எங்கள் அப்பா, வீட்டில் இருந்தார். கிழிந்த வலையைக் குடியிருப்பு நடைபாதையின் தடுப்புக் கம்பியில் கட்டிவைத்துப் பின்னுவார். ரோஷினி புத்தகத்தோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை.

அவர் ஊசியைக் கோத்து இழுப்பார், அவள் பக்கத்தைத் திருப்புவாள். என்ன பாடம் என்று அவர் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்தார்: “இன்னாண்ணே, பொண்ணு ஓடிப்பூடும்னு வலை கட்டி வெச்சிக்கினு கீறியா?”

“வலைல மாட்டிக்கினது நானும்மா. ஒரு டீ குடிக்க எய்ந்தாக்கூட இவளும் எய்ந்துக்கிறா.”

ரோஷினி சிரித்துவிட்டு, விட்ட வரியிலிருந்தே தொடர்ந்தாள். அவள் அப்படித் தொடர்ந்து நான் பார்த்ததே இல்லை. தமிழும் ஆங்கிலமும் முடிந்தன. வணிகவியல், பொருளியல், கணக்குப் பதிவியல், கணினி மீதமிருந்தன.

தேர்வுக்கு முன்பே தடைக்காலம் முடிந்தது.

“நான் போவலன்னா போட்ல வேற டிரைவர் ஏறிக்குவான். அப்பால அந்த எடம் நம்புளுது இல்ல” என்று நைனா என்னிடம் சொன்னார். அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “போ நைனா. நான் பட்ச்சிக்குவேன்.”

ஒரு துண்டு வலையைக் கம்பியிலேயே விட்டு, ஊசியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முடிச்சு தப்பாய் விழுந்தாலும் பரவாயில்லை என்றார்.

நான் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கருவிப் பொறியாளர். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதும், விலகினால் உடனே சரிசெய்வதும் என் வேலை. விடுப்பு எடுத்துக்கொண்டு வலைமுன் உட்கார்ந்தேன்.

சில நாட்களில் ரோஷினி புத்தகத்தை மூடினாள். “அக்கா, நீ வலைய பாக்கல. என்னத்தான் பாத்துக்கினு கீற.”

“இல்லயே.”

“எத்தினி பக்கம் திருப்பினேன், சொல்லு பாக்கலாம்.”

எனக்குத் தெரிந்திருந்தது. குனிந்து ஊசியைக் கோத்தேன்.

“நைனாவுக்குத் தெரியாது” என்றாள்.

மீதிப் பாடங்களை அவள் திறக்கவே இல்லை. தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை எழுதினாள். அடுத்த தேர்வன்று மையத்தின் வாசலில் நின்றுவிட்டாள். “உள்ள போனா எல்லாரும் எய்துவாங்க, நானும் உக்காந்துக்குவேன். ஆனா படிக்கவே இல்லியே அக்கா.” மற்ற தேர்வுகளுக்கு அவள் கிளம்பவே இல்லை.

நடுக்கடலில் போன் எடுக்காது. படகு கரைக்கு வந்த காலையில் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். மீன் இறங்கும் முன்னே நைனா கேட்டார்: “எய்திட்டியா கண்ணு?”

“ரெண்டுதான் நைனா.”

அவர் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். ஏலக்காரர் கூப்பிட்டும் திரும்பவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “வலை அப்டியேதான கீது?” என்றார். ஆமாம் என்றேன்.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. கூட இருப்பதும் கவனித்துக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல. பிள்ளைக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடுகிறது. என் கழுத்து அவள் பக்கம் தானாகத் திரும்புகிறது. திருப்பாமல் இருக்கப் பழகுகிறேன், வலிக்கிறது. நாட்களை இப்போது படகு போவதையும் வருவதையும் வைத்துத்தான் அறிகிறேன்.

ரோஷினி இறால் உரிக்கும் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, யாரும் யாரையும் பார்க்காமல் உரிக்கிறார்கள். அங்கே அவள் பொழுதெல்லாம் எழுந்திருப்பதில்லையாம். மேற்பார்வையாளர் பாராட்டினார் என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னார். படிக்கும்போது நான் தரமுடியாத துணை அவளுக்கு அங்கே கிடைத்திருக்கிறது.

மாத்திரை தொடர்கிறது. இரண்டு பாடங்களில் தேறியிருக்கிறாள். நான்கு பாக்கி. அடுத்த தேர்வுக்கு அவள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. நைனா கடலில் இருக்கிறார்.